பிரேசிலின் வடகிழக்கு ஏன் தென்கிழக்கைவிட ஏழ்மையாக இருக்கிறது?

வறட்சிதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். 1549 முதல் 1763 வரை நாட்டின் தலைநகரமே வடகிழக்கிலுள்ள சால்வடோர்! அங்கே கடலோரம் மழை நன்றாகப் பெய்யும். அந்த மண்ணில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் விளைவித்த கரும்புதான் அன்றைய பெருஞ்செல்வம். ஆனால் நிலம் சில குடும்பங்களின் கையில் இருந்தது. உழைத்தவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. என்னைக் கேட்டால் ஏழ்மையின் வேர் அதுதான்.

வடகிழக்கின் துறைமுகமான ரெசிஃபேயைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் 1654இல் வெளியேறினார்கள். பிறகு கரீபியன் தீவுகளின் சர்க்கரை போட்டிக்கு வந்தது. 1690களில் தென்கிழக்கிலுள்ள மினாஸ் ஜெராய்ஸில் தங்கம் கிடைத்ததும் பணமும் ஆட்களும் தெற்கே நகர்ந்தார்கள். அப்புறம் காப்பி. சாவோ பாலோவின் செம்மண்ணில் விளைந்த காப்பியை 1867இல் வந்த ரயில் சான்டோஸ் துறைமுகத்துக்கு இறக்கியது. அந்தக் காப்பிப் பணமே பிறகு ஆலைகளாக மாறியது.

வறட்சி கடுமையாகத் தாக்குவது உள்நாட்டுப் பகுதியான செர்டாவோவை. 1877இல் தொடங்கிய பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் குடும்பம் குடும்பமாக லாரியேறி சாவோ பாலோவுக்குப் போனார்கள். அதிபர் லூலாவும் 1952இல், சிறுவனாக, வடகிழக்கு மாநிலமான பெர்னாம்புகோவிலிருந்து அப்படிப் போனவர்தான். பயணம் 13 நாள்.

ஆனாலும் வடகிழக்கு முழுவதும் வறண்டு கிடப்பதாக நினைக்க வேண்டாம். சாவோ ஃப்ரான்சிஸ்கோ ஆற்றுப் பாசனத்தால் பெட்ரோலினாவில் மாம்பழமும் திராட்சையும் விளைந்து ஐரோப்பாவுக்குப் போகின்றன. நம் பண்ருட்டி முந்திரிக்குப் பூர்வீகமும் வடகிழக்கின் கடற்கரைதான், போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது.