ரீடிங் எடுப்பது யார்? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியை அம்மா,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். இங்கே சென்னையிலேயே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருவதால் நோட்டு, ஜெராக்ஸ், நெட் பேக் செலவுக்கு வீட்டில் கேட்க வேண்டியதில்லை.

ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்ஸி. சேர வேண்டும், பிறகு ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று ஆசை. டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டுவேன். இரண்டு மூன்று நாள் சரியாகப் போகும். அப்புறம் போனை எடுத்தால் ராத்திரி பதினொன்று ஆகிவிடும். பள்ளியில் நான் நன்றாகப் படிக்கிற பெண் என்று பெயர் வாங்கியவள். டீச்சர் சொன்னால் உடனே செய்துவிடுவேன். இப்போது சொல்ல ஆள் இல்லை, எதுவும் நடக்கவில்லை. லேப் சோதனைகளை எழுதிக் கொடுக்கும் ரெக்கார்டு நோட்டில் மட்டும் எனக்கு எப்போதும் முழு மார்க். லேபில் எங்கள் பேட்ச்சில் இரண்டு பசங்களும் நானும். அவர்கள் கருவியில் அளவைப் பார்த்து ரீடிங் எடுப்பார்கள், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் எழுதுவேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தண்ணீர் பிடிப்பது, சமையல் என்று நேரம் போய்விடும். அண்ணன் பாலிடெக்னிக் படிக்கிறான், அவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இஸ்ரோவில் இருக்கும் பெண்களைப் பேப்பரில் பார்க்கும்போது அவர்களுக்குப் பிறவியிலேயே அந்தக் கட்டுப்பாடு இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. எனக்கு அது இல்லையென்றால் பேசாமல் பேங்க் எக்ஸாமுக்கே படித்துவிடலாமா? என்னை உங்கள் மாணவியாக நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள மாணவிக்கு,

போனையும் டைம்டேபிளையும் பிறகு பார்ப்போம். கடிதத்தின் நடுவில், பெருமையாகச் சொல்லிவிட்டு நீ தாண்டிப்போன ஒரு வரி இருக்கிறது. அவர்கள் ரீடிங் எடுப்பார்கள், நான் எழுதுவேன் என்கிறாயே, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நியூட்டன் வளையச் சோதனையை எடுத்துக்கொள். சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம், கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு குவிலென்ஸ், அதற்கு மேலே டிராவலிங் மைக்ரோஸ்கோப். கண்ணை வைத்தால் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி இருட்டும் மஞ்சளுமாக வளையங்கள். மைக்ரோஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கம்பியை இடது பக்கம் இருபதாவது வளையத்துக்குக் கொண்டுபோய்த் தொடவைத்து, அங்கிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தி, நடுப்புள்ளியைத் தாண்டி வலது பக்கம் வரை வர வேண்டும். திருகை ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். ஒரு வளையத்தை விட்டுவிட்டோமே என்று பின்னால் திருப்பினால் திருகு சுற்றும், மைக்ரோஸ்கோப் உடனே நகராது. மரையில் இருக்கும் அந்தச் சிறு தளர்வு அப்படியே ரீடிங்கில் ஏறிவிடும். 0.001 செ.மீ. வரை படிக்கிற இடத்தில் அது பெரிய தவறு. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், 'பேக்லாஷ் எரர்' என்று நீயும் சொல்லிவிடுவாய். ஆனால் அந்தத் தளர்வை விரலில் உணர்ந்தவர்கள் உன் பேட்ச்சின் மற்ற இரண்டு பேர். நீ எண்களைக் கேட்டு எழுதினாய்.

சென்னையில் பல காலம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தக் காட்சி எனக்கு நன்றாகத் தெரியும். பசங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அவர்கள் கை முதலில் கருவியின் மேல் போய்விடுகிறது. "நீ எழுதிக்கோ, உன் ஹேண்ட்ரைட்டிங் சூப்பரா இருக்கும்" என்பார்கள், பெண்ணும் சந்தோஷமாக நோட்டை இழுத்துக்கொள்வாள். லேப் மேசையிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கும் அது ஒழுங்காகவே தெரியும். மூன்று வருடம் இப்படிப் போனால் பட்டம் வாங்கும்போது அவளிடம் அழகான ஒரு ரெக்கார்டு இருக்கும், கருவியைத் தனியாக நிறுத்திச் சரிசெய்யும் தைரியம் மட்டும் இருக்காது. எனக்கு இதில் கோபமே உண்டு.

ரெக்கார்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விடை ஒத்துவரவில்லை என்றால் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து இரண்டு மூன்று எண்களை மாற்றி ஒத்துவரச் செய்வது எல்லா லேபிலும் நடப்பதுதான். நீ செய்தாயா என்று கேட்கவில்லை. லேபில் அப்போதே குறித்துக்கொள்ளும், அடித்தல் திருத்தலோடு இருக்கும் அப்சர்வேஷன் நோட்டில்தான் உண்மையில் நடந்தது இருக்கிறது. அதை யாரும் பாராட்டுவதில்லை. பென்சில் கோடு நேராக இருக்கும் ரெக்கார்டுக்குத்தான் பாராட்டு.

உனக்குக் கட்டுப்பாடே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் பிடித்து, சமைத்து, மறுநாள் நேரத்துக்குக் கல்லூரிக்கு வந்து, ஒரு கறை இல்லாமல் ரெக்கார்டு எழுதுகிறவளுக்கு எப்படிக் கட்டுப்பாடு இல்லாமல் போகும்? உன் கட்டுப்பாடு முழுவதும் அடுத்தவர் வைத்த வேலைக்கே போய்க்கொண்டிருக்கிறது. யாரும் சொல்லாத ஒரு வேலையை, யாரும் பார்க்காதபோது, பாராட்டு கிடைக்காது என்று தெரிந்தே தொடங்குவது வேறு பழக்கம். பள்ளிக்கூடம் அதை உனக்குக் கற்றுத்தரவில்லை. சொல்கிற வரை காத்திருந்ததற்குத்தான் உனக்கு நல்ல பெண் என்று பெயர் கொடுத்தது. கற்றுக்கொடுக்காத ஒன்று வரவில்லை என்பதற்காகப் பிறவியைக் குறை சொல்லாதே.

கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பாய். வானிலை விஞ்ஞானி அன்னா மணி அங்கேதான் இயற்பியல், வேதியியலில் ஆனர்ஸ் முடித்தார், 1939ல். பிறகு பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கம் போன்ற கற்களின் நிறமாலையை ஆராய்ந்தார். கல்லைத் திரவக் காற்றில் குளிரவைத்து, அதிலிருந்து வரும் மங்கலான ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிக்க வேண்டும். ஒரு தகடு பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். இரவெல்லாம் ஆய்வகத்திலேயே இருந்திருக்கிறார். எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை மணிக்குப் படிப்பது என்று அங்கே யாரும் அட்டவணை போட்டுத் தரவில்லை. தகடு பதிகிற நேரம்தான் அவருடைய நேரம். அந்த ஆய்வகத்தில் ஒரு பெண் கருவியைக் கையாள்வதில் சின்னத் தவறு செய்தாலும், பெண்களுக்கே இது வராது என்பதற்கு அதை அத்தாட்சியாகப் பேசினார்கள் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பேச்சுக்குப் பயந்து நோட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தால் அவரும் ரீடிங் எழுதுகிறவராகவே இருந்திருப்பார்.

1945ல் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தர மறுத்துவிட்டது. அவர் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய் வானிலைக் கருவிகளைப் படித்துவிட்டு வந்து, 1948ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுவேகமானி என்று வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். சுமார் நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். ஓசோனை அளக்கும் கருவியும் அவர் தலைமையில் இங்கேயே உருவானது. துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976ல் ஓய்வுபெற்றார். அந்த முனைவர் பட்டம் கடைசி வரை கிடைக்கவில்லை.

இஸ்ரோ பெண்களைப் பற்றிக் கேட்டாய். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். இஸ்ரோவில் 1987ல் சேர்ந்தார். விண்கலம் கிளம்பியது 2023 செப்டம்பரில். நடுவில் இருக்கும் முப்பத்தாறு வருடம் எந்தப் பேப்பரிலும் வராது. நீ பார்த்தது ஒரு நாள் புகைப்படம். அதை வைத்து அவர்களுடைய பிறவிக் குணத்தை எடைபோடாதே.

இனி வீட்டு விஷயம். இந்தப் பத்தியை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940களில் படித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா, பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்தக் கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்த அப்பா அவருக்காகப் பேசி இடம் வாங்கினார். லலிதா படிக்கும்போது குழந்தையை வீட்டார் பார்த்துக்கொண்டார்கள். மின் பொறியியல் படித்து, மின்கடத்தும் பாதைகளை வடிவமைத்து, பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலை வரை அவர் போனதற்கு அவருடைய உழைப்பே காரணம். அந்த உழைப்புக்கு நேரம் கொடுத்தது வீடு. அம்மா, உங்கள் மகள் கேட்பது ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம். மகனும் குடம் தூக்கலாம், அரிசி களையலாம். அவனுக்கும் பரீட்சை இருக்கிறது என்று சொல்வீர்கள். மகளுக்கும் இருக்கிறது.

வீட்டில் உடனே மாறும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதே. வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்ற எண்ணத்தை விடு. வாசற்படி மிதித்ததும் அந்த நேரம் உன்னுடையது இல்லை. கடைசி வகுப்பு முடிந்ததும் நேராகக் கல்லூரி நூலகத்துக்குப் போ. சனிக்கிழமை எழும்பூர் கன்னிமாரா நூலகம் உனக்குக் கிட்டக்க. போன் பைக்குள் இருக்கட்டும். டைம்டேபிளைச் சுவரிலிருந்து எடுத்துவிடு, அது உனக்குக் குற்ற உணர்ச்சியைத் தவிர எதையும் தரவில்லை. ஜாம் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். சில கேள்விகளுக்கு விடைத் தேர்வுகளே இருக்காது, எண்ணை நீயேதான் கண்டுபிடித்து இட வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு எழு. மறுநாள் எங்கே தொடங்குவது என்ற யோசனை இருக்காது, விட்ட இடம் உன்னை இழுக்கும். என்பிடெல் இணையப் பாட வீடியோ பார்ப்பதைப் படிப்பு என்று கணக்கில் சேர்க்காதே. வீடியோவை நிறுத்தி அடுத்த படியை நீயே தாளில் போட்டுப் பார்த்தால்தான் சேரும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. யாரும் சொல்லாமல் ஒரு சோதனையை நீயே செய். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிவப்பு லேசர் பாயிண்டர் கிடைக்கும், விலை அதிகமில்லை. உன் தலைமுடி ஒன்றை எடுத்து ஒரு அட்டைச் சட்டத்தில் விறைப்பாக ஒட்டு. இருட்டில், சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, லேசரை முடியின் மேல் விழவை. கண்ணில் நேராகப் படக்கூடாது, அதில் கவனம். சுவரில் ஒளிப்புள்ளி பக்கவாட்டில் நீண்டு, இடையிடையே இருட்டுப் பட்டைகளாகப் பிரிந்து தெரியும். நீ படித்த அதே விளிம்பு விளைவுதான், ஒளி ஒரு தடையின் ஓரத்தில் வளைந்து பரவுவது. நடுப்புள்ளிக்கு ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு இருட்டுப் பட்டைகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அள. லேசரின் அலைநீளம் பெரும்பாலும் 650 நானோமீட்டர், லேபிளில் போட்டிருக்கும். அதைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, பட்டை இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன். விடை எவ்வளவு வர வேண்டும் என்று முன்னாலேயே இணையத்தில் தேடாதே. வந்ததை வந்தபடி எழுது, தப்பானதையும் அடிக்காமல் விட்டு வை. அம்மாவின் முடியை அள, அண்ணனுடையதை அள, ஒரே முடியை மறுபடி அள. ஒவ்வொரு முறையும் எண் மாறும். ஏன் மாறுகிறது என்று யோசிக்கத் தொடங்கினால் அன்று இரவு போனைத் தேட மாட்டாய், அதை நிச்சயமாகச் சொல்வேன்.

அடுத்த லேபில் மைக்ரோஸ்கோப் பக்கம் முதலில் போய் உட்கார். "இன்னைக்கு நான் ரீடிங் எடுக்கிறேன், நீங்க எழுதுங்க" என்று சொன்னால் போதும், பசங்கள் கொடுத்துவிடுவார்கள். நேரமாகும், முதல் தடவை வளையம் தவறும். தவறட்டும். திரும்ப முதலிலிருந்து எடு.

பேங்க் வேலையைக் குறைவாக நினைக்காதே. வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டு அங்கே போனால் அது மரியாதையான வழி. எனக்குக் கட்டுப்பாடு இல்லை, அதனால் போகிறேன் என்று மட்டும் போகாதே. அந்தக் காரணம் பொய்.

நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்யலாம். விண்ணப்பிக்க ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும், என்ன செய்ய விரும்புகிறாய் என்று நீயே எழுதிய ஒரு குறிப்பும் வேண்டும். அறிவிப்பு வருகிற வரை காத்திருக்காமல் உன் துறை ஆசிரியரிடம் இந்த வாரமே போய்ப் பேசு. தயங்காதே, கேட்டு வரும் மாணவியை எந்த நல்ல ஆசிரியருக்கும் பிடிக்கும். குறிப்பில் அந்த முடிச் சோதனையை எழுது, ஒத்துவராத எண்களோடு சேர்த்து. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. மொழியைத் தொட மாட்டேன், இயற்பியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.