கடல் விறால் மீனின் ஈரலில் வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, வேண்டிய புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்தால் ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தின் பட்டை ஏன் தெரியவில்லை? அதே ஆன்டிபாடியில் சிப் (ChIP: புரதம் டிஎன்ஏவில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை) செய்யலாமா?

மண்டபம் ஊர்க் கடல் கூண்டில் வளர்ந்த மீனை ஐஸ் பெட்டியில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோய், ஆய்வகத்தில் ஈரலை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆன்டிபாடியைக் குறை சொல்லுமுன் அந்த ஐஸ் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். வழியிலேயே புரதம் சிதைந்திருக்கலாம்.

ஆக்சிஜன் குறைந்தால் மரபணுக்களை முடுக்கும் இந்த ஹிஃப் புரதம், ஆக்சிஜன் திரும்பக் கிடைத்ததும் சுமார் 5 நிமிடத்தில் பாதியாகிவிடும். விஎச்எல் புரதம் அதை அடையாளம் கண்டு அழிவுக்கு அனுப்புகிறது. எதிர்ச்சிக்கலும் உண்டு. வலையில் துடித்துச் சாகும் மீனின் உடலில் ஆக்சிஜன் தானாகவே குறையும். அப்போது வரும் பட்டை கடல்நீரின் நிலையைக் காட்டாது. 2019 செப்டம்பரில் பூங்கோரைப் பாசி பெருகி மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்தனவே, அப்படிக் கரை ஒதுங்கிய மீன் இந்தச் சோதனைக்கு உதவவே உதவாது.

கூண்டருகிலேயே, காற்றூட்டிய தொட்டியில் கிராம்பு எண்ணெயால் மயக்கி, ஓரிரு நிமிடத்துக்குள் ஈரலைப் பயறளவு துண்டுகளாக்கி திரவ நைட்ரஜனில் போடுங்கள். உருகவிடாமல் பொடித்து, 95 டிகிரியில் கொதிக்கும் எஸ்டிஎஸ் பஃபரில் (புரதத்தை விரிக்கும் சோப்பு போன்ற கரைசல்) நேரே கொட்டினால் புரதம் சிதைக்கும் நொதிகள் உடனே அடங்கும். 8 சதவீத ஜெல், கிணற்றுக்கு 40 முதல் 60 மைக்ரோகிராம். மனிதப் புரதத்தின் கணக்கு எடை 93 கிலோடால்டன். ஜெல்லில் 110–120 அருகே நிற்கும். ஹிஃப்பைக் குவிய வைக்கும் கோபால்ட் குளோரைடில் (100 மைக்ரோமோலார்) 4 மணி நேரம் வைத்த ஹீலா என்ற மனிதச் செல்களின் சாற்றையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அதிலேயே பட்டை வராவிட்டால் ஆன்டிபாடியோ செய்முறையோ பிழை. அதில் வந்து மீனில் வராவிட்டால், ஆன்டிபாடி மீன் புரதத்தைப் பிடிக்காமல் இருக்கலாம், அல்லது மீனில் அந்தப் புரதமே இல்லாமல் இருக்கலாம்.

பல ஆன்டிபாடிகள் மனிதப் புரதத்தின் பின்பாதியைக் காட்டி உருவாக்கியவை. மீனில் அந்தப் பாதி நிறைய மாறியிருக்கும். டிஎன்ஏவைப் பிடிக்கும் முன்பகுதிதான் அதிகம் மாறாதது. வாங்குமுன் இம்யூனோஜன் (ஆன்டிபாடியை உருவாக்கக் காட்டிய புரதத் துண்டு) வரிசையை மீன் வரிசையோடு ஒப்பிடுங்கள்.

சிப்புக்கு வெஸ்டர்ன் வெற்றி மட்டும் போதாது. அங்கே புரதம் விரிந்து கிடக்கிறது; இங்கே மடிந்து, ஃபார்மால்டிஹைடால் பிணைந்து, பிடிக்கும் இடமே மறைந்திருக்கலாம். 1 சதவீத ஃபார்மால்டிஹைடு 10 நிமிடம், 125 மில்லிமோலார் கிளைசின் 5 நிமிடம், பிறகு டிஎன்ஏ 200–500 பேஸ் ஜோடி நீளத் துண்டுகளாகும் வரை சோனிகேஷன் (ஒலியலையால் உடைப்பது). ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடத்தைத் தாண்டினால் துண்டாவது சிரமம். ஆன்டிபாடி 2 முதல் 5 மைக்ரோகிராம். அதே அளவு சாதாரண ஐஜிஜி (ஹிஃப்பைக் குறிவைக்காத ஆன்டிபாடி) இன்னொரு குழாயில். கியூபிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் சோதனை) இரண்டும் ஒரே சுழற்சியில் எழுந்தால், ஆன்டிபாடியைப் பிடிக்கும் மணிகளான பீட்ஸில் வெறுமனே ஒட்டிய டிஎன்ஏவைத்தான் அளக்கிறீர்கள்.