சிவிலா ஏரோவான்னு கேட்ட அப்பாவுக்கு

சார், உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பையனுக்கு ஏரோ (விமானம், ராக்கெட் சம்பந்தப்பட்ட எஞ்சினியரிங்) மேல ஆசை, உங்களுக்கு சிவில்தான் சேஃப்னு தோணுது, ஒரு வாரமா வீட்ல ரெண்டு பேரும் முகம் கொடுத்தே பேசலன்னு எழுதியிருந்தீங்க. "சிவில் படிச்சா வாய்க்கால் தண்ணிய அளந்துட்டு கிடக்கணும்"னு பையன் சொன்னானாமே, எனக்கு அந்த ஒரு வரிதான் மனசுலயே நிக்குது, ஏன்னா வாய்க்கால் பாடமும் ராக்கெட் பாடமும் கூடப்பொறந்த அக்கா தங்கச்சி மாதிரி, அவனுக்கு அது யாரும் சொல்லல.

சிங்க்ல ஒரு தட்ட கவுத்து வச்சு குழாய மெதுவா திறங்க. தண்ணி விழற இடத்த சுத்தி ஒரு வட்டம் தெரியும், உள்ள மெல்லிசா சர்ருனு ஓடும், வட்டத்த தாண்டினதும் சட்டுனு தடிச்சு மெதுவாயிடும். உள்ள பென்சில் முனைய வச்சா அலை பின்பக்கம் மட்டும்தான் ஆப்பு மாதிரி விரியும், எதிர்த்து ஏறவே ஏறாது, ஏன்னா உள்ள ஓட்டம் அலைய விட வேகம். அந்த வட்டம்தான் ஹைட்ராலிக் ஜம்ப். அணைக்கு கீழ பாஞ்சு வர்ற தண்ணி ஆத்த அரிச்சுடக்கூடாதுன்னு இத வேணும்னே உண்டாக்கி வேகத்த அடக்குவாங்க.

10 செமீ ஆழத் தண்ணியில அலையோட வேகம் செகண்டுக்கு சுமார் 1 மீட்டர், ஓட்டம் அத மிஞ்சினா ஃப்ரூட் நம்பர் (ஓட்டத்தோட வேகத்த அலையோட வேகத்தால வகுத்தா வர்றது) 1-க்கு மேல. காத்துல அலைன்னா சத்தம், செகண்டுக்கு சுமார் 340 மீட்டர், அத மிஞ்சினா மாக் நம்பர் (அதே கணக்கு, சத்தத்தோட வேகத்தால வகுக்கறது) 1-க்கு மேல. தண்ணியில ஜம்ப்னா காத்துல ஷாக் வேவ் (காத்து சட்டுனு அமுங்கி வேகம் குறையற இடம்), அவ்ளோதான் சார் வித்தியாசம். ராக்கெட் நாசில் (கேஸ் வெளிய பாயற குழாய்) குறுகி அப்புறம் மணி மாதிரி விரியறதும் இதனாலதான், குறுகின இடத்துல கேஸ் சத்தத்தோட வேகத்த தொடும், அதுக்கு மேல வேகம் வேணும்னா பாதை விரிஞ்சாதான் ஆகும்.

இப்ப வேலை விஷயம். மத்திய அரசு எஞ்சினியர் வேலைக்கான யுபிஎஸ்சி எஞ்சினியரிங் சர்வீஸ் தேர்வுல சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் நாலுக்குத்தான் பேப்பர், ஏரோவுக்குன்னு தனியா கிடையாது. எம்டெக் சேர எழுதற கேட் (GATE) தேர்வுல ஏரோஸ்பேஸ் பேப்பர் இருக்கு, அதனால ஏரோ எடுத்தா எம்டெக் வரைக்கும் படிக்க வைக்கணும்னு இப்பவே மனச தயார் பண்ணிக்கோங்க. சிவில் எடுத்தா டிஎன்பிஎஸ்சி வழியா நீர்வளத்துறை இருக்கு, கேட் சிவில்ல இந்த வாய்க்கால் பாடமும் வரும்.

நீங்க ரெண்டு பேருமே யோசிக்காத ஒண்ணு மெக்கானிக்கல். இஸ்ரோ சயிண்டிஸ்ட் போஸ்டுக்கு பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்களத்தான் கூப்பிடறாங்க, கேட் மெக்கானிக்கல் சிலபஸ்லயும் கம்ப்ரெசிபிள் ஃப்ளோ (மேல சொன்ன மாக் நம்பர், நாசில் பாடம்) அடிப்படை இருக்கு, பின்னாடி எம்டெக் ஏரோவுல பண்ணிக்கலாம். என்னைக் கேட்டா உங்க பையனுக்கு இதத்தான் சொல்வேன்.

ஆனா கவுன்சலிங்ல சாய்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அந்தத் தட்டையும் பென்சிலையும் அவன் கையிலயே குடுங்க, நீங்க எதுவும் விளக்க வேணாம், அவன் என்ன கேள்வி கேக்கறான்னு மட்டும் எனக்கு எழுதுங்க.