டாக்டரைக் கேளுங்கள்: ரேடியேஷன் முடிந்தபின் நுரையீரல் தாங்குமா?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், மூன்றாம் நிலை. கீமோவுடன் சேர்த்து 30 நாட்களில் 60 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) ரேடியேஷன் கொடுக்கப் போகிறார்கள். திட்டத் தாளில் ‘வி20: 31%’ என்று இருக்கிறது. நுரையீரலில் 31 சதவீதம் கெட்டுப்போகும் என்று அர்த்தமா?

இல்லை, பயப்படாதீர்கள். இரண்டு நுரையீரலையும் சேர்த்துப் பார்த்தால், மொத்தக் கொள்ளளவில் 31 சதவீதப் பகுதிக்கு 20 கிரே அல்லது அதற்கு மேல் கதிர் விழும் என்பதுதான் அதன் பொருள். அதே தாளில் நுரையீரலுக்குப் போகும் கதிரின் சராசரி அளவும் இருக்கும். வி20 35 சதவீதத்துக்குள்ளும் சராசரி 20 கிரேக்குள்ளும் இருக்கும்படி திட்டமிடுவது வழக்கம். அந்த வரம்புக்குள் நின்றால், கதிரால் வந்து தொந்தரவு தரும் நுரையீரல் அழற்சி ஏறக்குறைய 100 பேரில் 20 பேருக்குள் அடங்கும்.

பக்கத்துப் படுக்கைக்காரரின் எண்ணோடு இதை ஒப்பிடாதீர்கள். கட்டியின் கொள்ளளவைக் கழித்துவிட்டு நுரையீரலை அளந்தார்களா, கழிக்காமல் அளந்தார்களா என்பதைப் பொறுத்தே வி20 மாறும். கட்டிக்குத்தான் முழு டோஸ் போகிறது. அதையும் நுரையீரல் கணக்கில் சேர்த்தால் எண் கூடிவிடும்.

கேள்வி: ஒரே டோஸ் வாங்கிய இருவரில் ஒருவருக்கு மட்டும் மூச்சிரைப்பு வருவது ஏன்?

திட்டத் தாள் கதிரைத்தான் அளக்கிறது. அந்த நுரையீரல் ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தது என்பது அதில் வராது. பழைய சி.டி. ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பகுதியில் வலைப்பின்னல் போன்ற கோடுகளோ தேன்கூடு போன்ற குழிகளோ தெரிந்தால், நுரையீரல் திசுத் தழும்பு நோய் இருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு வி20 குறைவாக இருந்தாலும் ஆபத்து. உயிருக்கே கூட ஆபத்தாகலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே நெஞ்சக மருத்துவரிடம் அந்த ஸ்கேனைக் காட்டி, ‘தழும்பு ஏதும் இருக்கிறதா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்கக்கூடிய கேள்விகளில் இதற்கு மேல் முக்கியமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

65 வயதைத் தாண்டியவர்களுக்கும், கார்போபிளாட்டின்–பாக்லிடாக்சல் கீமோவை ரேடியேஷனோடு சேர்த்துப் பெறுபவர்களுக்கும் இந்த அழற்சி வரும் வாய்ப்பு அதிகம். கட்டி நுரையீரலின் கீழ் மடலில், அதாவது கீழ்ப் பிரிவில், இருந்தாலும் அப்படித்தான். கீழ் மடல் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் அசையும். கட்டி தப்பிவிடாமலிருக்கச் சுற்றிலும் கூடுதல் இடம் விட்டுக் கதிர் பாய்ச்ச வேண்டியிருக்கும். மூச்சின் அசைவைப் பதிவு செய்யும் 4டி சி.டி. எடுத்தால், எவ்வளவு இடம் போதும் என்பது கண்கூடாகத் தெரியும்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையிலோ செயற்கை நுண்ணறிவிலோ இதை முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா?

டிஜிஎஃப்-பீட்டா, இன்டர்லூகின்-6 போன்ற ரத்தக் குறியீடுகளையும், ஸ்கேனின் இழையமைப்பைப் படிக்கும் கணினி முறைகளையும் ஆய்வு செய்துவருகிறார்கள். ஒரு மருத்துவமனையின் ஸ்கேன்களை வைத்துப் பழக்கிய முறை, வேறு மருத்துவமனையின் ஸ்கேன்களில் சறுக்கிவிடுகிறது. அதை மட்டும் நம்பி டோஸை மாற்றும் நிலை இன்னும் வரவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு ரேடியேஷன் முடிந்து இரண்டரை மாதம் ஆகிறது. வறட்டு இருமல், லேசான காய்ச்சல். ஆன்டிபயாடிக் இரண்டு முறை கொடுத்தும் குறையவில்லை.

ரேடியேஷன் அழற்சி தலைகாட்டுவது பெரும்பாலும் முதல் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில்தான். உங்கள் அம்மா அந்தக் காலத்தில் இருக்கிறார். தள்ளிப்போடாமல் சி.டி. எடுங்கள். இந்த அழற்சியின் மங்கல், ஸ்கேல் வைத்து வெட்டியது போல நேர்க்கோட்டில் நிற்கும். மடல்களைப் பிரிக்கும் எல்லையைக் கூட மதிக்காமல் கதிர் போன பாதையிலேயே படிந்திருக்கும். கிருமித்தொற்று, நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கும் ரத்த உறைவு, புற்று திரும்புதல் ஆகியவற்றையும் பார்த்து விலக்கியாக வேண்டும். துர்வலுமாப் போன்ற இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டும் மருந்து) போய்க்கொண்டிருந்தால் அதைச் சொல்ல மறக்காதீர்கள்; அதனால் வரும் அழற்சி கதிர் படாத இடத்திலும் வரும்.

ஸ்கேனில் மங்கல் மட்டும் இருந்து தொந்தரவு இல்லை என்றால், பெரும்பாலும் மருந்தின்றிக் கண்காணிப்பார்கள். மூச்சிரைப்பு இருந்தால் ஸ்டீராய்டு. பொதுவாக எடைக்கு கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை பிரெட்னிசலோன், சுமார் இரண்டு வாரம். பிறகு 6 முதல் 12 வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பத்தே நாளில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அழற்சி முன்பைவிட வேகமாகத் திரும்பக்கூடும். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். தினம் 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஒரு மாதத்தைத் தாண்டிப் போவதானால், ஒரு வகைப் பூஞ்சை நிமோனியாவைத் தடுக்கும் கோட்ரைமாக்சசோல் தேவையா என்று கேளுங்கள். சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால், ரத்த ஆக்சிஜன் அளவை உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, ஆறு நிமிடம் நடந்தபின் ஒருமுறை குறித்துவையுங்கள். நடந்தபின் 4 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, 90க்குக் கீழே போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது ரேடியேஷன் திட்டத் தாளின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். கதிர் போன பாதையையும் மங்கலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க ஸ்கேன் படிக்கும் மருத்துவருக்கு அது வேண்டும்.