தோல் பக்கம்: கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்கு மாதக்கணக்கில் வாய்ப்புண். இப்போது முதுகில், தொட்டாலே உடையும் தொளதொளக் கொப்புளங்கள். உறவினர் ஒருவருக்கோ அழுத்தினாலும் உடையாத விறைப்பான கொப்புளங்கள். வாயில் ஒன்றுமே இல்லை. இரண்டும் ஒரே நோயா?

பதில்: வெவ்வேறு நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிடிப்பு எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

மேல்தோல் செல்களைப் பக்கத்துச் செல்லோடு கட்டிவைப்பது டெஸ்மோசோம். டெஸ்மோக்ளீன் புரதங்கள் இரு செல்களிலிருந்தும் நீண்டு கோத்துக்கொள்ள, உள்ளே டெஸ்மோப்ளேக்கின் என்ற புரதம் அவற்றைச் செல்லுக்கு உறுதி தரும் கெரட்டின் இழைகளோடு இழுத்துக் கட்டுகிறது. அடிவரிசைச் செல்லைக் கீழேயுள்ள சவ்வோடு பிடிப்பது வேறொன்று: ஹெமிடெஸ்மோசோம்.

அப்பாவுக்கு இருப்பது பெம்ஃபிகஸ் வல்காரிஸாக இருக்கலாம். உடலின் ஆன்டிபாடிகளே (நோய் எதிர்ப்புப் புரதங்கள்) டெஸ்மோக்ளீன் 3-ஐத் தாக்கும் நோய் அது. வாயின் உட்தோல் பெரும்பாலும் இந்தப் புரதத்தையே நம்பியிருப்பதால் புண் அங்கே தொடங்குகிறது. தோலில் டெஸ்மோக்ளீன் 1-ம் துணைக்கு இருக்கிறது. அதற்கும் எதிராக ஆன்டிபாடி உண்டான பிறகே தோல் கொப்பளிக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அடிவரிசைச் செல்கள் மட்டும் கல்லறைக் கற்கள் போல வரிசையாக நிற்கும்: பக்கவாட்டுப் பிடி போய்விட்டது, கீழ்ப்பிடி இருக்கிறது. கொப்புளத்தின் கூரை பிடியிழந்த சில அடுக்குச் செல்கள்தான் என்பதால் சட்டென்று கிழிகிறது.

உறவினருடையது புல்லஸ் பெம்ஃபிகாய்டு போலத் தெரிகிறது. அதில் ஹெமிடெஸ்மோசோமின் பிபி180, பிபி230 புரதங்கள் தாக்கப்படுகின்றன. மேல்தோல் முழுவதுமே கூரையாக எழும்புவதால் கொப்புளம் விறைத்து நிற்கும்.

அப்பாவைத் தோல் மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். சிகிச்சை இல்லாத பெம்ஃபிகஸ் உயிருக்கே ஆபத்தானது.

கேள்வி: பயாப்சிக்குத் தோல் துண்டை இரண்டு இடத்தில் எடுத்தார்கள். ஒன்று நன்றாக இருந்த தோல்! அதை ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் உப்புநீரில் போட்டது ஏன்?

பதில்: சரியாகவே செய்திருக்கிறார்கள். புதிய கொப்புளத்தின் ஓரத்தில் எடுத்த துண்டு ஃபார்மலினுக்குப் போகும்; பிளவு எந்த அடுக்கில் என்று அது காட்டும். மற்றது, ஆன்டிபாடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டும் ஒளிரும் சாயச் சோதனைக்கு. கொப்புளத்துக்குள் அழற்சியால் ஆன்டிபாடி சிதைந்திருக்கும் என்பதால், ஒரு சென்டிமீட்டருக்குள் உள்ள சேதமில்லாத தோலை எடுப்பார்கள். ஃபார்மலின் புரதங்களின் வடிவத்தை மாற்றிவிடும், சோதனை வீணாகும். உப்புநீரில் வைத்த துண்டு 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். நாளாகும் என்றால் துண்டைக் கெடாமல் வைக்கும் மிஷல் திரவம் தேவை. பெம்ஃபிகஸில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒளிர்ந்து மீன்வலை போலத் தெரியும். பெம்ஃபிகாய்டில் அடியில் ஒரே கோடு.

கேள்வி: ஆய்வக மாணவி நான். தட்டில் வளர்க்கும் கெரட்டினோசைட்டுகள் (மேல்தோல் செல்கள்) இரண்டாவது பாஸேஜிலேயே, அதாவது இரண்டாம் முறை புதுத் தட்டுக்குப் பிரித்ததுமே, தட்டையாகிப் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. வளர்ப்புத் திரவத்தில் கால்சியம் 0.06 மில்லிமோலார்தான் வைக்கிறேன்.

பதில்: அந்தத் திரவத்தில் சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்) சேர்க்கிறீர்களா? அதிலேயே சுமார் 3 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது. 10 சதவீதம் சேர்த்தால் 0.3 கூடிவிடும், செல்கள் டெஸ்மோசோம் கட்டி, பெருகும் செல்லுக்குரிய கெரட்டின் 5, 14-ஐ விட்டு முதிரும் செல்லுக்குரிய 1, 10-க்கு மாறத் தொடங்கிவிடும். செலெக்ஸ் பிசினால் கால்சியம் நீக்கிய சீரம் பயன்படுத்துங்கள். செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சினை நிறுத்தச் சீரம் ஊற்றினால், செல்களைச் சுழற்றிப் படியவைத்து அந்தத் திரவத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். தட்டு 70 சதவீதம் நிறைந்ததும் பிரித்துவிடுங்கள். நெருக்கமே முதிர்ச்சியைத் தூண்டும், பிறகு கால்சியத்தைக் குறைத்தாலும் பலனிருக்காது.