பதில்: அப்பாவின் முழங்கால் நோவும் கால் வீக்கமும்

இருதயப் பலவீனத்துக்கு மருந்தெடுக்கும் அப்பா, முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கைப் பத்து நாளாகப் போடுகிறார், கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குளிசையை இன்றே நிறுத்துங்கள். இருதயக் குளிசைகளில் மட்டும் கை வைக்க வேண்டாம். நாளைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினால், தட்டையாகப் படுக்க முடியாவிட்டால், இப்போதே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

முழங்காலில் நோவைக் கூட்டும் புரொஸ்டாகிளாண்டின் என்ற, உடம்பே உண்டாக்கும் பொருள்தான் சிறுநீரகத்தில் இரத்தக் குழாயை விரித்து, உப்பும் நீரும் வெளியேற உதவுகிறது. இந்த வகைக் குளிசைகள் அதன் உற்பத்தியையே தடுக்கின்றன என்று 1971இல் பிரித்தானிய மருந்தியல் ஆய்வாளர் ஜோன் வேன் காட்டினார். அதனால் நோவு குறையும், ஆனால் உப்பு உடம்பில் தங்கும். சலம் போவதற்குத் தரும் குளிசையும் சரியாக வேலை செய்யாது. களைத்த இருதயத்தில்தான் அந்தச் சுமை ஏறும்.

என் அம்மாவுக்கும் இதுதான் நடந்தது. செருப்பு வார் பதிந்த தடம் இரவுவரை மாறவில்லை. நாங்கள் வெயிலால் வந்த வீக்கம் என்று நினைத்துவிட்டோம்.

தினமும் காலையில் சலம் போனபிறகு நிறை பார்த்துக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். நோவுக்குப் பனடோல் போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். தண்ணீரில் கரைக்கும் வகை வேண்டாம், அதில் உப்பிலுள்ள சோடியம் அதிகம். சரி, கருவாட்டையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள்.