அப்பா ஏன் இன்னும் கவுண்டருக்கே போகிறார்?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். நான் ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். வயது 43. அப்பாவுக்கு 76. சின்ன வயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், பிறகு நகராண்மைக் கழகத்தில் வேலை பார்த்து இப்போது பென்சன் வாங்குகிறார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பேங்க் கிளையைப் போன வருடம் மூடிவிட்டார்கள். இப்போது பென்சன் விழுந்த அன்றே இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போகிறார். நம்பர் எடுத்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பாஸ்புக்கில் வரி அடித்துக் காசு வாங்கிக்கொண்டு வருகிறார். அங்கேயும் கட்டைவிரல் ரேகை தேய்ந்துவிட்டது என்று கருவி தகராறு செய்கிறது. போன மாதம் மழையில் நனைந்து காய்ச்சலே வந்துவிட்டது. இத்தனைக்கும் அவர் கணக்கை என் கைப்பேசியில் போட்டு பில் எல்லாம் நானே கட்டுகிறேன். ஏடிஎம் கார்டும் என்னிடம்தான் இருக்கிறது, அவர் கேட்கும்போது எடுத்துத் தருகிறேன். அப்படியும் திருப்தி இல்லை. "மெஷினுக்கு என்னைத் தெரியுமா?" என்கிறார். காலம் மாறிவிட்டது என்பதை இவருக்கு எப்படிப் புரியவைப்பது? – பெயர் வேண்டாம், பினாங்கு.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில், அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? 76 வயதில் மழையில் நனைந்து பஸ் ஏறுவது சின்ன விஷயம் இல்லை. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நான் இதே ஊரில் 29 வருடம் பேங்க் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள். உங்கள் அப்பா மாதிரி எத்தனையோ பேரை எதிரில் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் பக்கத்தையும் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

அந்தக் கட்டைவிரலில் இருந்தே ஆரம்பிக்கலாம். ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கருவியில் சொருகிவிட்டு, "விரலை வைங்க ஐயா" என்போம். சிவப்பு விளக்கு எரியும். டிஷ்யூவால் துடைத்துவிட்டு மறுபடி. அதற்கும் சிவப்பு. "நெத்தியில ஒரு தடவ தேய்ச்சுட்டு வைங்க" என்போம். நெற்றியில் இருக்கும் எண்ணெய்ப் பசை பட்டால் சில நேரம் ரேகை விழும். அப்படியும் விழாவிட்டால் இடது கை. பின்னால் வரிசையில் இருப்பவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பெரியவர் விரலை நீட்டியபடியே என்னிடம், "வேலை செஞ்ச கை தாயி, ரேகையெல்லாம் கித்தாப் பால்லயே போயிருச்சு" என்றார். தப்பு செய்துவிட்ட பிள்ளை மாதிரி நின்றார். கடைசியில் அதிகாரி வந்து ஐசியில் உள்ள படத்தையும் ஆளையும் பார்த்தார். பழைய கையெழுத்தை எடுத்து ஒப்பிட்டார். பிறந்த ஊரையும் கடைசியாக எவ்வளவு எடுத்தார் என்பதையும் கேட்டுவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டார். பெரியவருக்கு அவர் காசு கிடைத்தது.

"மெஷினுக்கு என்னைத் தெரியுமா?" என்று அப்பா கேட்பதை வீம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் நடந்ததைத்தான் சொல்கிறார். கருவி அவரைப் பார்த்து 'நீ நீ இல்லை' என்று பல தடவை சொல்லிவிட்டது. 'இவர்தான்' என்று சொன்னது ஒவ்வொரு தடவையும் ஒரு மனுஷர்.

நம் ஆட்களுக்குப் பணம் என்றாலே ஆள் பழக்கம்தான். பினாங்கு ஸ்திரீட்டில் கிட்டங்கி என்ற வட்டிக்கடைகளில் செட்டியார்கள் பெட்டியடியில் உட்கார்ந்து தமிழில் பேரேடு எழுதிய காலத்தில், எதிரில் இருப்பவர் யார் மகன், எங்கே வேலை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வட்டியில் கறாராகத்தான் இருந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் முகம் தெரியும். பக்கத்திலேயே பீச் ஸ்திரீட்டில் வெள்ளைக்காரர் பேங்க்குகள் இருந்தன. சார்ட்டர்ட் பேங்க் 1875லேயே பினாங்குக்கு வந்துவிட்டது. இருந்தாலும் ஆங்கிலம் தெரியாத தொழிலாளிக்கு அந்தப் படி ஏறவே தயக்கமாக இருந்தது. பிற்காலத்தில் கவுண்டரில் இருக்கும் மலாய்ப் பெண் "அங்கிள், சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று கேட்கிற அளவுக்கு பேங்க் நெருங்கி வந்தது. உங்கள் அப்பா கண்ட பேங்க் அது.

மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லிட்டில் இந்தியாவில் தோசைக்கடை வைத்திருந்த ஒரு அக்கா ராத்திரி கடையை மூடிவிட்டு அன்றைய வசூலை இடுப்பில் கட்டிக்கொண்டு பயந்து பயந்து வீட்டுக்குப் போவார். இப்போது போகிற வழியில் காசு போடும் மெஷினில் போட்டுவிட்டுப் போகிறார். பூக்கடையில் முழம் பூ வாங்கினால்கூடக் கைப்பேசியில் காசு கட்டும் டியூட்நவ் கியூஆர். வேறு பேங்க்குக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை உடனே அனுப்பத் தனிநபருக்குக் கட்டணம் கிடையாது. செக் எழுதினால் ஒன்றுக்கு 50 காசு பிடிக்கிறார்கள். தண்ணீர் பில், கரண்டு பில் கட்ட ஒரு மனுஷர் வரிசையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அதை மெஷின் நம்மைவிட நன்றாகச் செய்யும், மறக்காது.

மெஷினால் முடியாதது ஒன்று உண்டு. ஏன் எடுக்கிறாய் என்று முகத்தைப் பார்த்துக் கேட்க அதற்குத் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். பிக்ஸ் டெபாசிட் மொத்தத்தையும் எடுக்க வேண்டும் என்றார். 40,000 வெள்ளிக்கு மேல். கைப்பேசியைக் கையில் கவிழ்த்துப் பிடித்திருந்தார். அழைப்பு துண்டிக்கப்படவில்லை, ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. எதுக்கும்மா என்று கேட்டேன். "மகன் வீடு வாங்குறான்" என்றார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் பிரிண்டர் மக்கர் பண்ணுது என்று பொய் சொல்லி, உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு தாளில் 'யாராவது மிரட்டுகிறார்களா?' என்று எழுதிக் காட்டினேன். தலையை ஆட்டினார், அப்புறம் அழுதுவிட்டார். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு எவனோ காலையில் இருந்தே லைனில் வைத்திருந்திருக்கிறான். மக்காவ் மோசடி என்று பேப்பரில் படிக்கிறோமே, அதேதான்.

அந்த அம்மாவின் கணக்கு ஆப்பில் இருந்திருந்தால் எல்லா எண்ணையும் அவரே சரியாக அழுத்தியிருப்பார். மெஷினைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022ல் இருந்து எவ்வளவோ கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. காசு அனுப்புவதை உறுதிப்படுத்த எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை விட்டு விலகும்படி பேங்க்குகளுக்குச் சொன்னார்கள். ஒருவர் கணக்கை ஒரே கைப்பேசியில் இருந்துதான் உறுதிப்படுத்தலாம். புதிதாகப் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் திருடனைத் தடுக்கும், நல்லதுதான். ஆனால் பயந்து போய் சொந்தக்காரரே அனுப்பும்போது என்ன செய்யும்?

அதற்காகக் கவுண்டரைக் கோயிலாக்கவும் நான் தயாரில்லை. எங்களுக்கு மாதா மாதம் இலக்கு இருந்தது. டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்த வயதானவர்களைத் தனி மேசைக்குக் கூப்பிட்டு, வட்டி அதிகம் என்று சொல்லிப் பத்து வருடக் காப்புறுதியை விற்று அனுப்பியிருக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அந்த மேசையில் இருந்தேன். நான் கையெழுத்து வாங்கிய சிலரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது, மனசு உறுத்துகிறது. அதனால் அப்பாவிடம் இதை மட்டும் சொல்லி வையுங்கள்: காசு எடுக்கப் போன இடத்தில் யார் என்ன தாளை நீட்டினாலும், "மகள்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்துவிட வேண்டும்.

சரி, இப்போது உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கப்போவதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அப்பாவின் பஸ் பயணம் இல்லை. கார்டு உங்களிடம், கணக்கு உங்கள் கைப்பேசியில் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். நீங்கள் அன்பால்தான் செய்தீர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மனுஷர் நாற்பது வருடம் சம்பாதித்து உங்கள் எல்லோருக்கும் எண்ணிக் கொடுத்தவர். இன்றைக்குத் தே தாரிக் குடிக்க, நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைக்க, உங்களிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் முகம் சுளிக்காமல்தான் கொடுப்பீர்கள். இருந்தாலும் எதற்கு என்று நீங்கள் கேட்காமலேயே அவர் சொல்லிக்கொண்டிருப்பார், கவனித்துப் பாருங்கள். தன் காசை யாரிடமும் கேட்காமல் அவரே எடுக்க முடிகிற ஒரே இடமாக இப்போது அவருக்கு அந்தக் கவுண்டர்தான் இருக்கிறது. அதற்குத்தான் இரண்டு பஸ் மாறிப் போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டப்படியும் இது உங்களுக்கு ஆபத்து. கார்டின் ரகசிய எண்ணையும் கடவுச்சொல்லையும் மகளுக்குக்கூடச் சொல்லக்கூடாது என்பது பேங்க்கின் நிபந்தனை. நாளைக்கு ஏதாவது காசு காணாமல் போனால், நீங்களே எண்ணைப் பகிர்ந்திருக்கிறீர்கள் என்று கைவிரிக்க அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். கூடப் பிறந்தவர்கள் இருந்தால், ஒரு நாள் கணக்குக் கேட்கும்போது உங்களிடம் காட்டத் தாளும் இருக்காது.

என்ன செய்யலாம்? பில் கட்டுவதற்கு மட்டும் உங்கள் இருவர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்கு திறங்கள். பென்சன் விழும் கணக்கில் இருந்து மாதம் ஐந்நூறோ அறுநூறோ தானாக அதற்கு மாறும்படி நிரந்தர உத்தரவு ஒன்றை அப்பாவே கவுண்டரில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தக் கூட்டுக் கணக்கை நீங்கள் கைப்பேசியில் வைத்துக்கொண்டு தண்ணீர், கரண்டு, மருந்து எல்லாம் கட்டுங்கள். பென்சன் கணக்கு அவருடையது மட்டுமே. அதை உங்கள் கைப்பேசியில் இருந்து எடுத்துவிடுங்கள். இணையப் பரிவர்த்தனையே வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்லலாம். கார்டுக்கு ஒரு நாள் உச்சவரம்பைக் குறைத்து வையுங்கள். டெபாசிட் மாதிரி பெரிய தொகை எதுவானாலும் கவுண்டரில் மட்டும் என்று இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரத் தாமதம்தான் அந்தத் தொகைக்குக் காவல்.

பென்சன் விழுகிற அன்றே போக வேண்டாம். அன்றைக்கு எல்லாக் கிளையிலும் கூட்டம். நான்கைந்து நாள் கழித்து, வாரத்தின் நடுவில், காலை பத்து மணி வாக்கில் போகச் சொல்லுங்கள். நம்பர் எடுக்கும்போதே மூத்த குடிமக்கள் வரிசை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ரேகை விழாத விஷயத்தைக் கிளை அதிகாரியிடம் ஒரு தடவை நேரில் சொல்லி, வேறு வழியில் சரிபார்க்கக் கேளுங்கள். வயதானவர்கள் மாதிரி பலவீனமான நிலையில் இருக்கும் வாடிக்கையாளர்களைத் தனிக் கவனத்தோடு நடத்த வேண்டும் என்று பேங்க் நெகாரா விதியே வைத்திருக்கிறது. அதனால் தயங்காமல் கேளுங்கள். அலட்சியம் செய்தால் முதலில் அந்த பேங்க்கின் புகார்ப் பிரிவு, அதற்கும் பதில் இல்லாவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465.

இன்னொரு எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வீட்டு போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: 997. தேசிய மோசடி தடுப்பு மையத்தின் எண் அது. மோசடியில் காசு போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே கூப்பிட வேண்டும். காசு கை மாறி மாறிப் போவதற்குள் மடக்க அதுதான் வழி. பேங்க் மூழ்கினால் ஒருவருக்கு ஒரு பேங்க்கில் 250,000 வெள்ளி வரை பிடிம் என்ற டெபாசிட் காப்புறுதிக் கழகத்தின் பாதுகாப்பு உண்டு என்று அப்பா கேள்விப்பட்டிருப்பார். ஏமாந்து அனுப்பிய காசுக்கு அது பொருந்தாது, பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்த மாதம் அரை நாள் லீவு போட்டு நீங்களும் கூடப் போங்கள். காரில் கூட்டிப் போங்கள், பாஸ்புக் அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். உள்ளே போவதற்கு முன்னால் கார்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, ஏடிஎம்மில் ரகசிய எண்ணைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். எழுத்து சரியாகத் தெரியவில்லை, எந்தப் பொத்தான் என்று கேட்பார். சொல்லிக் கொடுங்கள். எண்ணை அழுத்தும் இடம் வந்ததும் நீங்கள் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொள்ளுங்கள்.